பாதியில நின்ன அப்கிரேடும் கிராணி புத்தகமும்

கேள்வி: தம்பி, சுங்கை சிப்புட்ல தமிழ்ப்பள்ளி பக்கம் சின்னதா ஒரு போட்டோஸ்டேட் கடை வெச்சிருக்கேன். லாப்டாப் பழசு, பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, வயர் சொருவித்தான் ஓடுது. 2022-ல மகன் அதுல விண்டோசுக்கு பதிலா உபுண்டு 22.04 போட்டுக் குடுத்துட்டு பினாங்குக்கு வேலைக்குப் போயிட்டான். போன வாரம் 24.04-க்கு அப்கிரேட் பண்ணவான்னு அதுவா கேட்டுச்சு, சரின்னு அழுத்திட்டேன். பாதி ஓடும்போது சாயங்கால மழையில இடி இடிச்சு கரண்ட் போச்சு. திரும்ப போட்டா ஆன் ஆவுது, ஆனா பிரிண்டர் வேலை செய்யல, தமிழ் டைப்பிங் காணோம், லிப்ரே ஆபீஸ் தொறக்க மாட்டேங்குது, மகன் எழுதிக் குடுத்த பில் புரோகிராமும் ஓடல. புதுசா எதப் போட்டாலும் அன்மெட் டிபென்டன்சீஸ்னு ஒரு பக்கம் நீளத்துக்கு வருது. மகன் ஃபார்மட் பண்ணுமாங்கறான். கோயில் திருவிழா நோட்டீஸ் முடிச்சுக் குடுக்கணும். என்ன செய்யறது?

பதில்: அக்கா, மொதல்ல மகனுக்கு ஒரு போன் போட்டு ஃபார்மட் இப்ப வேண்டாம்லான்னு சொல்லிடுங்க. அவர் சொன்னது பெரிய தப்புன்னு சொல்ல வரல, பினாங்குல உக்காந்துக்கிட்டு பார்க்கறவருக்கு அதான் சுலபமா தெரியும், ஆனா அப்புறம் அந்த பிரிண்டரையும் அந்த எழுத்தையும் அந்த பில் புரோகிராமையும் ஒண்ணொண்ணா திரும்ப ஏத்தப்போறது கடையில நிக்கற நீங்கதான். இன்னொண்ணு, ஏற்கனவே நெட்ல பார்த்து ஏதாச்சும் கமாண்ட் அடிச்சிருந்தீங்கன்னா அதோட நிறுத்திக்குங்க. என் கடைக்கு வர்ற இந்த மாதிரி கேஸ்ல பாதி அப்கிரேட்னால கெட்டது இல்ல, அப்கிரேட் கெட்டுப்போச்சுன்னு அதுக்கு மேல பத்து வைத்தியம் பார்த்து கெட்டது.

நீங்க நாலு கோளாறு சொல்லியிருக்கீங்க. என் கணக்குப்படி அதுல ரெண்டு, பிரிண்டரும் தமிழ் டைப்பிங்கும், கரண்ட் போனதால வந்தது. மத்த ரெண்டும், அதாவது லிப்ரே ஆபீசும் பில் புரோகிராமும், அன்னிக்கு மழையே பேயாம இருந்திருந்தாலும் வந்திருக்கும். எது எதுன்னு நான் ஜோசியம் சொல்ல வேண்டியதில்ல, உங்க லாப்டாப்பே எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கு, நாம அத தொறந்து படிக்கணும் அவ்வளவுதான்.

இத எப்படி புரிய வெக்கறதுன்னு யோசிச்சேன், நீங்களும் எஸ்டேட் பக்கத்து ஆளுதானே, இப்படி சொல்றேன். எங்கப்பா ரப்பர் பால் வெட்டினவரு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கெடுக்கற இடத்துக்கு, போய் நிக்கணும், கிராணி, அதான் எஸ்டேட் கணக்கர், செக்ரோல்ங்கற வருகைப் புத்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டு யார் வந்தா யார் வரலன்னு பேர் போடுவாரு. வேலை முடிஞ்சா முழுப்பேர். பாதியில மழை வந்து வெட்டு நின்னுச்சுன்னா அரைப்பேர். சம்பளத்தன்னிக்கு யார் என்ன கத்தினாலும் அந்த புத்தகத்துல என்ன இருக்கோ அதான் பேச்சு. உங்க உபுண்டுலயும் அப்படி ஒரு கிராணி இருக்காரு, அவர் பேரு டி பி கே ஜி. மெஷின்ல இருக்கற ஒவ்வொரு சாப்ட்வேர் பொட்டணத்துக்கும், பேக்கேஜ்னு சொல்றது அதத்தான், அவர் ஒரு வரி எழுதி வெச்சிருப்பாரு. முழுசா போட்டு முடிச்சதுக்கு வரி ஆரம்பத்துல ஐ ஐ-ன்னு ரெண்டு எழுத்து இருக்கும், அது முழுப்பேர். பொட்டணத்த பிரிச்சு சாமான எறக்கி வெச்சாச்சு ஆனா இன்னும் செட் பண்ணலன்னா ஐ யூ. செட் பண்ணும்போதே பாதியில நின்னுச்சுன்னா ஐ எஃப். எடுத்துப்போட்டாச்சு, செட்டிங் ஃபைல் மட்டும் மிச்சம் இருக்குன்னா ஆர் சி. இப்ப உங்க லாப்டாப்ல அரைப்பேர் கூட்டமா நிக்குது, இடி இடிச்ச அந்த நிமிஷத்துல நின்ன இடத்துலயே நிக்குது.

ஆப்ட்-னு (ஏ பி டி) இன்னொருத்தர் இருக்காரு, அவர் கிராணி இல்ல, கங்காணி மாதிரி. எது மொதல்ல போடணும் எது அடுத்து, இதுக்கு அது வேணுமான்னு கணக்கு போடறது அவரு. அன்மெட் டிபென்டன்சீஸ்னு கத்தறது அவர்தான். அரைப்பேர் ஆளுங்கள வெச்சுக்கிட்டு நான் புது வேலை பிரிக்க மாட்டேங்கறாரு. நியாயம்தானே.

சரி, வேலைக்கு வருவோம். மொதல்ல ஒரு தம்டிரைவ் சொருவி நோட்டீஸ் ஃபைல், கஸ்டமர் ஃபைல், பில் புரோகிராம் இருக்கற ஃபோல்டர் முழுசா, எல்லாத்தையும் காப்பி பண்ணிடுங்க. பேக்கேஜ் கோளாறுல சொந்த ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது, அது வேற இடத்துல இருக்கு, ஆனா கரண்ட் பட்டுனு போன மெஷின்ல ஹார்ட்டிஸ்க் எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும், அதனால காப்பி பண்ணாம மேல படிக்காதீங்க. இன்னொண்ணு, வேலை முடியற வரைக்கும் சும்மா சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க. கெர்னல்னு சொல்ற உபுண்டுவோட அடிப்படைப் பகுதி புதுசு பாதி ஏறின நிலமையில இருந்துச்சுன்னா அடுத்த தடவ ஆன் ஆகாமக்கூட போகலாம். அப்படி ஆச்சுன்னாலும் அழுவாதீங்க, ஆன் ஆகும்போது வர்ற மெனுவுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல போய் பழைய கெர்னல தேர்ந்தெடுத்தா பெரும்பாலும் உள்ள விட்டுடும்.

இப்ப டெர்மினல, அதான் கமாண்ட் அடிக்கற ஜன்னல, தொறங்க. கமாண்ட போன்ல சொல்ற மாதிரி எழுதறேன், நீங்க டைப் பண்ணும்போது எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்து. கோடுன்னு நான் சொல்றது மைனஸ் குறி. பாஸ்வேர்ட் கேக்கும்போது டைப் பண்ணா திரையில ஒரு புள்ளிகூட வராது, கீபோர்ட் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு பயந்துக்கறவங்க எத்தனையோ பேரு, அது அப்படித்தான், முழுசா அடிச்சு எண்டர் தட்டுங்க.

மொதல்ல பார்க்க மட்டும் செய்வோம். டி பி கே ஜி, இடைவெளி, ரெண்டு கோடு, ஆடிட். அரைப்பேர்ல நிக்கற ஆளுங்க பேர் அத்தனையும் வரிசையா வரும். அதுல கப்ஸ்-னு ஆரம்பிக்கற பேர் இருந்தா அது பிரிண்டர் ஆளு, ஐபஸ்-னு இருந்தா அது தமிழ் டைப்பிங் ஆளு. நான் சொன்ன ரெண்டும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சுன்னா என் கணக்கு சரி, உங்க பிரிண்டருக்கு ஒண்ணும் ஆகல, அத தட்டிப் பார்க்கறத விடுங்க.

அடுத்து அன்னிக்கு நடந்தத படிக்கணும். ஃபைல் மேனேஜர்ல வார், அதுக்குள்ள லாக், அதுக்குள்ள டிஸ்ட்-அப்கிரேட்னு ஒரு ஃபோல்டர், அதுல ஹிஸ்டரி லாக்-னு ஒரு ஃபைல். அங்க இல்லன்னா பக்கத்துல ஆப்ட் ஃபோல்டர்லயும் அதே பேர்ல ஒண்ணு இருக்கும். தொறந்தீங்கன்னா ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டார்ட் டேட்னு ஒரு வரி, அதுக்கப்புறம் இன்ஸ்டால், அப்கிரேட், ரிமூவ்னு பெரிய பெரிய பத்தி, கடைசியில எண்ட் டேட். உங்களுதுல கடைசி வேலைக்கு ஸ்டார்ட் டேட் இருக்கும், எண்ட் டேட் இருக்காது. கரண்ட் போனது அங்கதான். நான் மொத மொத இந்த மாதிரி ஒரு ஃபைல படிச்சப்ப எனக்கு என்னமோ அப்பாவோட செக்ரோல்ல மழை நாள் பக்கத்த பார்த்த மாதிரிதான் இருந்துச்சு.

ரிமூவ் பத்திய பார்த்ததும் நெஞ்சு திக்குன்னும், ஏன்னா அதுல நூத்துக்கணக்கா பேர் இருக்கும். பதறாதீங்க. 22.04-ல இருந்து 24.04 போகும்போது ஏகப்பட்ட லைப்ரரிக்கு பேர் மாறிடுச்சு, பழைய பேர் கடைசியில டி 64-னு ஒரு வால் ஒட்டிக்கிச்சு. ஏன்னா 32 பிட் மெஷினுங்க நேரத்த எண்ணுற கணக்கு 2038 ஜனவரி 19-ஓட நிரம்பிடும், அதுக்கு மேல எண்ண முடியாது, அதுக்காக இப்பவே உபுண்டுவுக்கு மூலமான டெபியன்காரங்களும் உபுண்டுகாரங்களும் எல்லாத்தையும் பெரிய கணக்குக்கு மாத்தினாங்க, மாத்தினது எது மாத்தாதது எதுன்னு தெரியறதுக்கு அந்த வால். உங்க 64 பிட் லாப்டாப்புக்கு அந்த பிரச்சனை கிடையாது, ஆனா பேர் மாத்தினது எல்லாருக்கும் சேர்த்துதான். அதனால ரிமூவ்ல லிப்கப்ஸ்2-னு இருந்து இன்ஸ்டால்ல அதே பேர் டி 64 வாலோட இருந்துச்சுன்னா ஆளு வேலைய விட்டுப் போகல, பேர்தான் மாறியிருக்கு. கல்யாணம் பண்ணி இன்ஷியல் மாறின மாதிரின்னு வெச்சுக்குங்க. ஜோடி இல்லாம ரிமூவ்ல மட்டும் நிக்கற பேர் எதுன்னு பார்த்து ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க, அதுதான் நெஜமாவே போனது, பின்னாடி திரும்ப போட வேண்டியது.

படிச்சாச்சா, இப்ப செய்யலாம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் மேல வானத்த பாருங்க. சாயங்காலம் மூணு மணிக்கு மேல பேராக்ல மழை எப்ப வரும்னு உங்களுக்கே தெரியும், அதனால இத காலையில கடை தொறந்ததும் பசியாறிட்டு ஆரம்பிங்க. பேட்டரி செத்த லாப்டாப்ப வெச்சுக்கிட்டு மறுபடி சாயங்காலம் ஆரம்பிச்சீங்கன்னா நான் இன்னொரு பதில் எழுத வேண்டியிருக்கும்.

சுடோ (எஸ் யூ டி ஓ), இடைவெளி, டி பி கே ஜி, இடைவெளி, ரெண்டு கோடு, கான்ஃபிகர், இடைவெளி, ஒரு கோடு, ஏ. இதோட அர்த்தம், அரைப்பேர்ல நிக்கற எல்லாத்தையும் விட்ட இடத்துல இருந்து முடின்னு கிராணிகிட்ட சொல்றது. வரி வரியா ஓடும். நடுவுல செட்டிங் ஃபைல் மாறியிருக்கு, புதுசு போடவா பழசயே வெச்சுக்கவான்னு கேக்கும். நீங்களோ மகனோ கைய வெச்ச ஃபைலா இருந்தா சும்மா எண்டர் தட்டுங்க, பழசு அப்படியே இருக்கும். அது என்னன்னே தெரியலன்னாலும் எண்டர் தட்டறதுல ஆபத்து கம்மிதான்.

லாக், அதாவது பூட்டு, கிடைக்கல, வேற எவனோ புடிச்சு வெச்சிருக்கான்னு ஒரு மெசேஜ் வரலாம். அது பெரும்பாலும் பின்னாடி தானா ஓடற அப்டேட், கொஞ்ச நேரம் விட்டுட்டு வாங்க, ஒரு தே ஓ குடிச்சிட்டு வாங்க. நெட்ல தேடினா அந்த லாக் ஃபைல அழிச்சிடுங்கன்னு மொத பதில்லயே எழுதியிருப்பாங்க, செய்யாதீங்க, ஒரே புத்தகத்துல ரெண்டு கிராணி ஒரே நேரத்துல எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

அது முடிஞ்சதும் சுடோ, ஆப்ட், ரெண்டு கோடு ஃபிக்ஸ் கோடு புரோக்கன், இன்ஸ்டால். இது கங்காணிகிட்ட, கொறையற சாமான எடுத்துட்டு வந்து நிரப்புன்னு சொல்றது. எதெல்லாம் போடப்போறேன் எதெல்லாம் எடுக்கப்போறேன்னு ஒரு லிஸ்ட் காட்டி ஒய்-யா என்-னான்னு கேக்கும். எடுக்கப்போற லிஸ்ட்ட கட்டாயம் படிங்க. உபுண்டு டெஸ்க்டாப், க்னோம் அந்த மாதிரி பெரிய பேருங்க அதுல இருந்தா என்-ங்கற எழுத்த போட்டு நிறுத்திட்டு எனக்கு அந்த திரைய போட்டோ புடிச்சு அனுப்புங்க. இல்லன்னா ஒய். அப்புறம் சுடோ ஆப்ட் அப்டேட், அதுக்கடுத்து சுடோ ஆப்ட் ஃபுல் கோடு அப்கிரேட், விட்டுப்போன மிச்ச வேலைய இது முடிக்கும். கடைசியா சுடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு கோடு டெஸ்க்டாப், இது ஒரு காவலுக்கு, பாதியில நின்ன அப்கிரேட்ல சில நேரம் இந்த தலைப் பொட்டணம் மட்டும் கழண்டு போயிருக்கும், அது இல்லன்னா டெஸ்க்டாப்போட பாகங்கள யாருக்கும் வேண்டாததுன்னு கங்காணி நெனச்சுக்குவாரு.

அதனாலதான் ஆட்டோரிமூவ்-ங்கற கமாண்ட இப்ப தொடாதீங்க. வேண்டாதத கூட்டித் தள்ளறதுக்கு நல்ல கமாண்ட்தான், ஆனா கணக்கு சரியாகறதுக்கு முன்னாடி கூட்டினா நல்ல சாமானும் குப்பையோட போயிடும். இன்னொண்ணு ஆப்ட் கிளீன், டவுன்லோட் பண்ணி வெச்ச பொட்டணங்கள அழிச்சு இடம் காலி பண்ணும். அதுவும் இப்ப வேண்டாம், உங்க லைன் வேகத்துல அத்தனையும் மறுபடி எறக்க எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்குத் தெரியும். டிஸ்க்ல இடமே இல்லன்னு எரர் வந்தா மட்டும் செய்யலாம். இடம் எவ்வளவு இருக்குன்னு பார்க்க டி எஃப், இடைவெளி, ஒரு கோடு, ஹெச்.

இதெல்லாம் ஆனதும் ஒரு தடவ ரீஸ்டார்ட். தமிழ் டைப்பிங் அனேகமா இந்த நேரத்துக்கு தானா திரும்பி இருக்கும். இல்லன்னா செட்டிங்ஸ்ல கீபோர்ட், அங்க இன்புட் சோர்ஸ்ல பிளஸ் அழுத்தி தமிழ்னு தேடுங்க, தமிழ் 99 வரணும். தமிழ்ங்கற பேர் வருது ஆனா 99 வரலன்னா ஐபஸ் எம் 17 என்-னு ஒரு பொட்டணம் கொறையுதுன்னு அர்த்தம், அத ஆப்ட்ல போட்டுட்டு லாக்அவுட் பண்ணி திரும்ப உள்ள வாங்க, லாக்அவுட் பண்ணாம லிஸ்ட்ல வரலன்னு சொல்லாதீங்க. நம்ம முத்து நெடுமாறன் முரசு அஞ்சல்ங்கற தமிழ் டைப்பிங் சாப்ட்வேர் செஞ்ச நாட்டுல இருந்துக்கிட்டு தமிழ் டைப் பண்ண முடியலன்னு ஒரு போட்டோஸ்டேட் கடை நோட்டீஸ் லேட் ஆகக்கூடாது, அதுக்காகவாவது மொதல்ல இத முடிங்க.

பிரிண்டர் கொஞ்சம் இழுக்கும். நீங்க மாடல் எழுதல, ஆனா பழைய லேசர்னும் கம்பெனி குடுத்த டெப் ஃபைல, அதாவது டிரைவர் பொட்டணத்த, போட்டுத்தான் மகன் ஓட வெச்சிருப்பாருன்னும் நெனக்கிறேன். ஒரு பக்கம் பிரிண்ட் குடுத்துட்டு பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட், முக்காப்புள்ளி, 631-னு அடிச்சா கப்ஸோட பக்கம் தொறக்கும், அதுல ஜாப்ஸ்ல பாருங்க. வேலை வரிசையில சும்மா நிக்குதுன்னா கேபிள், பவர், இல்ல பிரிண்டர தற்காலிகமா நிறுத்தி (பாஸ்) வெச்சிருக்கு. ஃபில்டர் ஃபெயில்ட்-னு இருந்துச்சுன்னா பிரிண்டர் நல்லா இருக்கு, லாப்டாப் உள்ள இருக்கற டிரைவர் ஆளு இல்ல. பழைய லேசர் டிரைவர்கள்ல சிலதுல பாதி 32 பிட்டா இருக்கும், அதுக்குத் தேவையான 32 பிட் லைப்ரரிங்கள அப்கிரேட் எடுத்துப்போட்டிருக்கும், நீங்க பேப்பர்ல எழுதி வெச்ச ஜோடி இல்லாத பேருங்கள்ல ஐ 386-னு வால் இருந்தா அதான் அது. பழைய டெப் ஃபைல தேடி எடுங்க, டவுன்லோட்ஸ்லயே கிடக்கும், யாரும் அத அழிக்கறது இல்ல. ஆனா அத டி பி கே ஜி வழியா நேரா போடாதீங்க, கிராணி பேர் மட்டும்தான் போடுவாரு, கூட வேண்டிய சாமானத்த தேட மாட்டாரு. சுடோ ஆப்ட் இன்ஸ்டால், இடைவெளி, ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, அப்புறம் ஃபைல் பேரு. அந்த புள்ளியும் சாய்கோடும் முக்கியம், இந்த ஃபோல்டர்லயே இருக்கற ஃபைல்னு அதுக்கு அர்த்தம், அது இல்லாட்டி ஆப்ட் அத உபுண்டுவோட இணையக் கடையில தேடிட்டு இல்லன்னு சொல்லிடும். கடைக்கு புது பிரிண்டர் வாங்கற எண்ணம் இருந்தா டிரைவர் கேக்காம ஓடற மாதிரி, ஐபிபி எவ்ரிவேர்-னு எழுதியிருக்கறதா பார்த்து வாங்குங்க, எட்டு வருஷத்துக்கு நிம்மதி.

இப்ப மழைக்கு சம்பந்தம் இல்லாத ரெண்டு.

லிப்ரே ஆபீஸ். 24.04-ஓட வர்றது லிப்ரே ஆபீஸ் 24.2. உங்க மகன் புதுசா வேணும்னு பிபிஏ ஒண்ணு சேர்த்திருப்பாரு, அதாவது உபுண்டு கடையில இல்லாம தனி கடையில இருந்து சாமான் எடுக்கறது. அப்கிரேட் ஆரம்பிக்கும்போதே இந்த தனி கடைங்க எல்லாத்தையும் உபுண்டு மூடிடும், அது தப்பு இல்ல, நல்லதுக்குத்தான். ஆனா ஏற்கனவே அந்த கடையில வாங்கின சாமான் வீட்டுல இருக்கே. டெர்மினல்ல ஆப்ட் பாலிசி லிப்ரே ஆபீஸ் கோடு கோர்-னு அடிங்க. கீழ வெர்ஷன் டேபிள்ல மூணு நட்சத்திரம் போட்ட ஒரு வரி வரும், அதான் இப்ப மெஷின்ல இருக்கறது, 24.8-ஓ 25-ல ஒண்ணோ இருக்கும்னு நெனக்கிறேன். அதுக்கு நேர் கீழ எங்கிருந்து வந்ததுன்னு ஒரு வரி, அதுல இணைய முகவரி எதுவும் இல்லாம வார், லிப், டி பி கே ஜி, ஸ்டேட்டஸ்னு மட்டும் இருந்தா, இந்த சாமான் இப்ப எந்த கடையிலயும் இல்ல, கிராணி புத்தகத்துல மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம். கடையில இருக்கற 24.2 இத விட கீழ் நம்பர், ஆப்ட் தானா கீழ எறங்காது. அதனால புதுசும் ஏற மாட்டேங்குது, பழசும் ஓட மாட்டேங்குது, அன்மெட் டிபென்டன்சீஸ்ல பாதி இதுதான்.

இந்த மாதிரி கடை இல்லாத சாமான் வேற என்னென்ன இருக்குன்னு மொத்தமா பார்க்க ஆப்ட் லிஸ்ட், இடைவெளி, ஒத்தைக் கொட்டேஷன், கேள்விக்குறி, ஆப்சொலீட், மறுபடி ஒத்தைக் கொட்டேஷன். இது ரொம்ப பேருக்குத் தெரியாத கமாண்ட், எனக்கும் தெரியாமத்தான் பல வருஷம் ஒண்ணொண்ணா தேடிக்கிட்டு இருந்தேன். லிஸ்ட்ல லிப்ரே ஆபீஸ்னு ஆரம்பிக்கறதும் யூனோ-ன்னு பேர்ல உள்ளதும் வந்தா எல்லாம் ஒரே கடை சரக்கு. அத்தனையையும் சுடோ ஆப்ட் ரிமூவ்ல எடுத்துட்டு, எடுக்கறதுக்கு முன்னாடி லிஸ்ட்ட படிச்சுட்டு, சுடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ரே ஆபீஸ்னு புதுசா போடுங்க. உங்க நோட்டீஸ் ஃபைல் எதுவும் போகாது. புது வெர்ஷன் இல்லாட்டி திருவிழா நோட்டீஸ் அச்சாகாதுன்னு இல்ல, அந்த பிபிஏ இனிமே வேண்டாம். மகனுக்கு கோவம் வந்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க.

பில் புரோகிராம். மாடியூல் நாட் ஃபவுண்டுன்னு வருதா? மகன் அத பைதான்ங்கற மொழியில எழுதியிருப்பாருன்னு நெனக்கிறேன். 22.04-ல பைதான் 3.10, 24.04-ல 3.12. மகன் வென்வ்-னு ஒரு தனி அறை கட்டி அதுக்குள்ள வேண்டிய சாமான வெச்சிருப்பாரு, அந்த அறைக்குள்ள 3.10-னு எழுதின அலமாரியிலதான் எல்லாம் இருக்கு, இப்ப உள்ள வர்ற புது ஆளு 3.12-னு எழுதின அலமாரியத் தேடறாரு. ரிப்பேர் பண்ண முயற்சி பண்ணாதீங்க, அறைய இடிச்சு புதுசா கட்டறது பத்து நிமிஷ வேலை. ஆப்ட்ல பைதான் 3 கோடு வென்வ் போட்டுக்குங்க, பழைய வென்வ் ஃபோல்டர் பேர மாத்தி வெச்சுட்டு புதுசு உருவாக்கி, மகன் ரிகொயர்மென்ட்ஸ்னு ஒரு ஃபைல் எழுதி வெச்சிருந்தா அத பைதான் சாமான் எறக்கற பிப்-ல குடுத்து சாமான எறக்குங்க. அந்த ஃபைல் இல்லன்னா அவர்கிட்ட போன்ல கேளுங்க, எழுதினவருக்குத்தான் தெரியும் என்ன வேணும்னு. டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லன்னு எரர் வந்தா புரோகிராமோ அது தூக்கிட்டு வர்ற பழைய லைப்ரரியோ மாறணும், பைதான் 3.12-ல அத எடுத்தே போட்டாங்க, அது அவர் வேலை, ஃபார்மட் பண்ணாலும் அதே எரர்தான் வரும்னு அவருக்கு ஞாபகப்படுத்துங்க.

வென்வ் இல்லாம நேரா பிப் போட்டா எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு மறுக்கும், கூடவே பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு ஒண்ணு சேர்த்தா விடறேன்னு சொல்லும். சிஸ்டம் பேக்கேஜ ஒடைங்கறதுதான் அந்த பேரோட அர்த்தம், அதுக்கு மேல நான் என்ன விளக்கறது. இத விட மோசம், பைதான் 3-ய பழைய 3.10 பக்கம் திருப்பி விடறது. போன வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிட்டு சும்மா இருந்த பையன் ஒருத்தன் அப்படி திருப்பி விட்டுட்டு லாப்டாப்ப தூக்கிட்டு வந்தான், டெர்மினலே தொறக்கல, அப்டேட்டும் ஓடல. உபுண்டுவோட சொந்த வேலைக்காரங்க பாதி பேரு அந்த பைதான நம்பித்தான் ஓடறாங்க, அவங்க காலுக்குக் கீழ இருந்த பலகைய உருவிட்டான். சரி பண்ண அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு, அவன் கதைய கேக்கத்தான் ஒரு மணி நேரம்.

இதெல்லாம் செஞ்சும் கான்ஃபிகர் கமாண்டே ஸ்டேட்டஸ் ஃபைல் படிக்க முடியலன்னு சொன்னா கிராணி புத்தகமே நனைஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதுக்கும் நகல் இருக்கு, வார் உள்ள பேக்கப்ஸ்ல டி பி கே ஜி ஸ்டேட்டஸ்னு நம்பரோட இருக்கும், ஆனா அத நீங்களா திரும்ப வெக்காதீங்க, எடுத்துட்டு வாங்க. டிஸ்க்ஸ்-ங்கற ஆப்ல ஹார்ட்டிஸ்க தேர்ந்தெடுத்து ஸ்மார்ட் டேட்டா பாருங்க, டிஸ்க் ஃபெயில் ஆகப்போகுதுன்னு அதுவே சொன்னா அப்ப மட்டும்தான் நானும் உங்க மகன் பக்கம், அதுவும் ஃபார்மட் இல்ல, புது எஸ்எஸ்டி.

அப்புறம் ஒரு விஷயம் கேக்காமலே சொல்றேன். 22.04-க்கு 2027 வரைக்கும் அப்டேட் குடுக்கறாங்க, 24.04-க்கு 2029 வரைக்கும். அப்கிரேட் பண்ணவான்னு பெட்டி வந்ததும் திருவிழா வாரத்துல ஒய் அழுத்தணும்னு அவசரமே இல்ல. பேட்டரி மாத்தறதா இருந்தா உங்க மாடல் நம்பர் சொல்லுங்க, ஈப்போ போகும்போது விலை விசாரிச்சுட்டு வர்றேன், அது வேண்டாம்னா கடைக்கு ஒரு சின்ன யுபிஎஸ் போதும், ரவுட்டரையும் அதுலயே சொருவிக்கலாம்.

நோட்டீஸ் நாளைக்கே வேணும்னா லாப்டாப்புக்காக காத்திருக்காதீங்க, தம்டிரைவ்ல இருக்கற ஃபைல எடுத்துட்டு வாங்க, என் கடையில அச்சடிச்சுத் தர்றேன், பேப்பர் காசு மட்டும் குடுங்க. லாப்டாப்பயும் கொண்டு வர்றதா இருந்தா சனிக்கிழமை காலையில வாங்க, சார்ஜர் வயர மறக்காதீங்க, பேட்டரி செத்த லாப்டாப்ப வயர் இல்லாம கொண்டு வந்தா நான் அத பேப்பர் பறக்காம மேல வெக்கத்தான் வெச்சுக்க முடியும்.